வேடியின் இடது பக்கம்

பாப்பா தூங்குகிறாள், தூங்கட்டும், வெயில் இந்தப் பக்கம் திரும்ப இன்னும் நேரம் இருக்கிறது, மரம் பெரிய மரம், தூங்குமூஞ்சி மரம் என்று பக்கத்தில் இருக்கிற ரெஜினா சொன்னாள், உங்க பாப்பாவுக்குன்னே வச்ச மரம்க்கா என்று சிரித்தாள், நானும் சிரித்தேன், வாயைப் பொத்திக்கொண்டு. என் கை பாப்பா உச்சந்தலையில் இருக்கிறது. நான் வைக்கவில்லை, அதுபாட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. உச்சிக்குழி இன்னும் மூடவில்லை, விரலுக்கு அடியில் மெத்து மெத்தென்று துடிக்கிறது, எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன், எடுத்தால் துடிப்பு நின்றுபோகும் என்று ஒரு பயம், எடுக்கவில்லை. அதோ தம்பி நிற்கிறான். மைதானத்தின் வலது கோடியில், வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில், பச்சைச் சட்டை, முதுகு நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேடியப்பன் என்று பெயர் வைத்தோம், வேடி என்று கூப்பிடுகிறோம், காலேஜிலும் வேடிதான். வரும்போது கையாட்டினேன், அவன் பார்க்கவில்லை. ரெஜினா, "உங்க தம்பிக்கு எவ்வளவு திமிரு பாருங்கக்கா, திரும்பிக்கூடப் பாக்கல" என்றாள். திமிர் இல்லை, நான் அவனுக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அதுதான், ஆனால் அதைச் சொல்லக் கூடாது, நான் தலையை ஆட்டிவைத்தேன். இந்தப் பெண்ணும் இதே காலேஜ்தான், பெண்கள் டீமில் ஆடுகிறாளாம், வாய் ஓயாது, நல்ல பெண். இந்த பேஸ்பாலை நான் கிரிக்கெட்டுக்குத் தங்கச்சி என்று நினைத்திருந்தேன், சொன்னேன், "அய்யோ, மெதுவாச் சொல்லுங்கக்கா, எங்க கோச் ஜெயசீலன் சார் காதுல விழுந்தா ரத்தம் கக்கிருவாரு" என்றாள். நடுவில் மண்மேட்டில் ஒருவன் நின்று எறிகிறான், எதிரே ஒருவன் உருண்டைக் கட்டையால் அடிக்கிறான், அடித்துவிட்டு மூலைக்கு மூலை போட்டிருக்கிற பையை மிதித்துக்கொண்டு சுற்றி ஓடி வரவேண்டும், மற்றவர்கள் தோல் உறையை மாட்டிக்கொண்டு பந்துக்குக் காத்து நிற்கிறார்கள். அங்கே கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு, தொப்பி வைத்த ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் பொறுக்க வந்தவர்கள். இன்றைக்குப் பொறுக்கினால் உண்டு. பொறுக்கிவிட்டால் வேடிக்கு யுனிவர்சிட்டி சட்டை, அதோடு ஒரு சர்டிபிகேட், அதை வைத்துக்கொண்டு ரயில்வேயிலோ போலீஸிலோ விளையாட்டுக்காரன் என்று உள்ளே போகலாம். இல்லாவிட்டால் செங்கல் சூளைதான். இந்த ஒரு ஆட்டம்க்கா, இந்த ஒரே ஒரு ஆட்டம் முடியட்டும் என்று போனில் சொன்னான். முடியட்டும். அவன் நிற்கிற மூலைக்குப் பந்து அதிகம் போவதில்லை. போகாதிருக்கட்டும், அங்கேயே நிற்கட்டும், யாரும் அவனைக் கூப்பிடாதிருக்கட்டும்.

"வேடி அண்ணன் ஆதார் கார்டு மாதிரிக்கா, எங்க நீட்டுனாலும் செல்லும்" என்று பின்னால் இருந்து ஒரு பையன் சொல்கிறான், எல்லாரும் சிரிக்கிறார்கள், நான் வேடியின் அக்கா என்று தெரிந்துபோய்விட்டது, கூச்சமாக இருக்கிறது, முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்கிறேன். அவன் ஆடாத இடம் இல்லையாம். முதல் வருஷம் தூரத்தில் நின்று பந்து பொறுக்கினான், அப்புறம் இரண்டாவது பை, மூன்றாவது பை, எறிகிறவனுக்குக் கை வலித்தால் இவன் எறிந்தான், கட்டைக்குப் பின்னால் முகத்துக்குக் கம்பிக் கூண்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பிடிக்கிறவன் ஊருக்குப் போனால் இவன் போய் உட்கார்ந்தான். எவன் சொல்லிக்கொடுத்தான் என்று கேட்கிறார்கள். எவனும் இல்லை, லாரிதான். சூளையில் லாரிக்குக் கல் ஏற்றும்போது வரிசையாக நிற்போம், அப்பா அடுக்கிலிருந்து ஜோடிக் கல்லாகத் தூக்கிப் போடும், வேடி பிடித்துத் திரும்பி எனக்குப் போடுவான், நான் பிடித்து லாரி மேல் நிற்கிற அம்மாவுக்குப் போடுவேன். கல்லைப் பிடித்து நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் உள்ளங்கைத் தோல் அதோடு போய்விடும், வருகிற கல்லோடு கையும் கொஞ்ச தூரம் போகவேண்டும், போனபடியே திரும்பி அடுத்த கைக்கு விடவேண்டும், அடுத்த கை அங்கே இருக்கிறதா என்று பார்க்கக் கூடாது, பார்த்தால் வரிசை நின்றுபோகும். அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் வேடி லாரி மேல் ஏறுவான், அப்பா பீடிக்கு ஒதுங்கினால் அடுக்குப் பக்கம் ஓடுவான், எனக்கு முடியாத நாளில் இரண்டு பேர் இடத்தையும் ஒற்றை ஆளாகக் குதித்துக் குதித்து அடைப்பான். யார் எழுந்து போனார்களோ அந்த இடம்தான் அவன் இடம். அவனுக்கென்று ஓர் இடம் இருந்ததில்லை, அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. காலேஜில் முதல் ஆட்டத்தில் பந்து வேகமாக வந்ததாம், அழகாகப் பிடித்தானாம், பிடித்த வாக்கில் திரும்பி இடது பக்கமாக விட்டுவிட்டானாம். அங்கே ஆள் இல்லை. வெறும் புல். சூளை வரிசையில் நான் நிற்கிற இடம் அது. எதிர் டீம் சுற்றி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, இவன் அடுத்த கல்லுக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். காலேஜே சிரித்தது, ஜெயசீலன் சார் மட்டும் சிரிக்கவில்லை. "யாருக்குடா போட்ட?" "அக்காவுக்கு சார்." "அக்கா எங்க?" "கல்யாணம் ஆயிடுச்சு சார்." இதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான், அவரும் சிரித்தார், என் வீட்டுக்காரர், உன் தம்பி என் கையிலயும் கல்லத் தூக்கிப் போடுவான் போலிருக்கே என்று. நான் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். எனக்கு எதற்கு அழுகை வந்தது என்று தெரியவில்லை. நான் அஞ்சாவதோடு நின்றுவிட்டேன், அவன் நிற்கவில்லை, அதுவா, அது இல்லை. யாரும் இல்லாத இடத்துக்கு ஒருவன் பார்க்காமல் போடுகிறான் என்றால் அங்கே ஆள் இருக்கும் என்று அவன் கைக்கு எவ்வளவு நம்பிக்கை.

இப்போதும் அதே பார்க்காமல்தான், ஆனால் இது வேறு. பங்குனியில் ஒரு பந்து கல்லில் பட்டுத் துள்ளி இடது இமையில் அடித்தது, வீங்கியது, வற்றியது, விட்டுவிட்டான். அப்புறம் ஓரத்தில் யாரோ கறுப்புத் துணியை இறக்கின மாதிரி இருந்ததாம், துணி நாளுக்கு நாள் இறங்கி முழுக்க மூடிவிட்டது. எனக்கு எப்படித் தெரிந்தது என்றால் தண்ணீர். பாப்பாவைப் பார்க்க வந்தவன் சொம்பிலிருந்து தம்ளருக்குத் தண்ணீர் ஊற்றினான், தம்ளருக்கு வெளியே ஊற்றினான். கை தவறியிருக்கும் என்று துடைத்தேன். சாப்பிடும்போது மறுபடியும் வெளியே. நான் பேசாமல் பாப்பாவின் கிலுகிலுப்பையை எடுத்து அவன் இடது காதுக்குப் பக்கத்தில், சத்தம் வராமல், ஆட்டாமல், சும்மா நீட்டினேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். இன்னும் கிட்டே கொண்டுபோனேன். பிசைந்துகொண்டே இருந்தான். கிலுகிலுப்பை இமை முடியைத் தொட்டதும் எகிறினான், தட்டு உருண்டது. "இன்னாடா இது?" "ஒண்ணுமில்லக்கா." "வேடி." "ஒரு கண்ணு இருக்குல்ல, போதும் விடு." ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்றால் இந்த மேட்ச் முடியட்டும் போறன் என்கிறான், சாரிடம் சொன்னாயா என்றால் சொன்னால் அன்றைக்கே உட்கார வைத்துவிடுவார் என்கிறான். நான் சொல்கிறேன் என்றேன். நான் எங்கே சொல்லப் போகிறேன், கடையில் மீதிச் சில்லறையைக் கேட்கவே எனக்கு வாய் வராது, அது அவனுக்கும் தெரியும், இருந்தாலும் பயந்துவிட்டான். என் மணிக்கட்டைப் பிடித்துப் பாப்பா தலையில் வைத்து அழுத்தினான். "சொல்லமாட்டன்னு சொல்லு." விடுடா, கொழந்தை தலை. "சொல்லுக்கா. பாப்பா மேல சத்தியமா சொல்லமாட்டன்னு." அவன் முகம் அப்போது இருந்த இருப்பு, இரண்டு கண்ணும் என்னைப் பார்த்தன, ஒன்று மட்டும்தான் பார்த்தது. சொன்னேன். பாப்பா மேல சத்தியமா. பாப்பா எங்களைப் பார்த்துச் சிரித்தாள், ஏதோ விளையாட்டு என்று. சூளையில் ஒரு ஆள், இனிமேல் குடிக்கமாட்டேன் என்று மகன் தலையில் கை வைத்துச் சொன்னான், பொங்கலுக்குக் குடித்தான், தை முடிவதற்குள் அந்தப் பையன் மண் குழியில் விழுந்து போய்விட்டான். சத்தியம் தின்னுட்டுது என்றார்கள். குழியில் விழச் சத்தியம் எதற்கு, குழி இருந்தால் போதாதா, வேலி கிடையாது, தண்ணீர் நின்றது, பிள்ளைகள் விளையாடின. அப்படித்தான் நினைக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நினைத்து முடிக்கிறேன், முடித்த உடனே அந்தத் தாயார் தலையில் அடித்துக்கொண்டது ஞாபகம் வருகிறது, புருஷனை அடிக்கவில்லை, அவன் வைத்த கையைத்தான் இழுத்து இழுத்து அடித்தாள். கையை எடுத்துவிடலாம். எடுக்கவில்லை. துடிக்கிறது.

ரெஜினா சொல்கிறாள், "உங்க தம்பி முன்னாடி கேட்ச்சர்க்கா, கட்டைக்குப் பின்னாடி கூண்டு மாட்டிப் புடிக்கிறவன், செம கேட்ச்சர், சித்திரையில திடீர்னு வேணாம்னுட்டான், முட்டி வலின்னு. மூணாவது பைக்குப் போனான், அதுவும் புடிக்கல. இப்ப வலது கோடிதான் வேணும்னு அடம். சாரும், நீ எங்க நின்னாலும் சரிடான்னுட்டாரு, அவரு செல்லம்ல." நான் வேடி நிற்கிற இடத்தைப் பார்க்கிறேன். அவனுக்கு வலது பக்கம் மைதானம் முழுக்க இருக்கிறது, ஆட்கள், கட்டை, பந்து, எல்லாம். இடது பக்கம் வெள்ளைக் கோடு. கோட்டுக்கு அப்பால் ஒன்றும் இல்லை, மரமும் நானும்தான். அப்படியா. இடம் இடமாக மாறினது அதற்கா. ஆதார் கார்டு, எங்கே நீட்டினாலும் செல்லும் என்று கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவனோ இருட்டு இல்லாத இடம் தேடித் தேடி, நகர்ந்து நகர்ந்து, கோட்டு ஓரத்துக்கு வந்து நிற்கிறான். இதற்கு மேல் நகர்ந்தால் மைதானத்துக்கு வெளியே. பாப்பா மடியில் புரள்கிறாள், பால் நேரம், இன்னும் எழுந்துகொள்ளாதேடி என் தங்கம், இன்னும் கொஞ்சம்.

என்னவோ சத்தம். மேட்டில் எறிந்துகொண்டிருந்த பையன் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறான், ஓடுகிறார்கள், தண்ணீர் ஊற்றுகிறார்கள், அவன் தலையை ஆட்டுகிறான், முடியாது சார், முடியாது. ஜெயசீலன் சார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றிப் பார்க்கிறார். பார்க்காதீர்கள். இந்தப் பக்கம் பார்க்காதீர்கள். "வேடி! வாடா!" பின்னால் இருக்கிற பையன்கள் விசில் அடிக்கிறார்கள், ஆதார், ஆதார் என்று கத்துகிறார்கள். வேடி ஓடவில்லை, ஒரு நிமிஷம் நின்றான், நான் பார்த்தேன், உறையைக் கழற்றி மறுபடியும் மாட்டினான், அப்புறம் ஓடினான். சொல்லிவிடுடா. நீயே சொல்லிவிடு, முட்டி வலி என்று சொல், வயிற்று வலி என்று சொல். மேட்டில் ஏறிவிட்டான். நாற்காலியில் இருக்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். "இப்பப் பாருங்கக்கா, இவன் எறிஞ்சு ஜெயிச்சுட்டா எடுத்துருவாங்க, கண்டிப்பா எடுத்துருவாங்க" என்று ரெஜினா என் முழங்காலைப் பிடித்து உலுக்குகிறாள். எடுத்துவிடுவார்கள். அவன் கேட்டதும் அதுதான், நான் வேண்டினதும் அதுதான். மேடு எங்கே, அடிக்கிறவன் எங்கே, நடுவில் ஒரு வீட்டு நீளம்தான் இருக்கும். அடித்த பந்து நேரே திரும்பி வந்தால்? கேட்டேன், எனக்கே கேட்காத குரலில் கேட்டேன், அவளுக்குக் கேட்டுவிட்டது. "அய்யோ, போன வருஷம் வேற காலேஜ் பையன் ஒருத்தனுக்குத் தாடையே போச்சுக்கா, ஸ்ட்ரா வச்சுதான் சாப்புட்டான், அலுமினியக் கட்டைல, புல்லட் மாதிரி வரும். வேடிக்கு ஒண்ணும் ஆவாது, பூனை மாதிரி அவன்." கண்ணுக்கு வந்தால்? இருக்கிறது ஒன்று. அதை நான் கேட்கவில்லை.

எறிகிறான். அழகாக எறிகிறான், கை பின்னால் போய்ச் சுற்றி வருகிறது, பந்து போய் உறைக்குள் தொம் என்று விழுகிறது. மறுபடியும் தொம். அடிக்கிறவன் காற்றை அடிக்கிறான். கைதட்டல். ஒருவேளை இப்படியே முடிந்துவிடும், யாருமே அடிக்காமல், எறிவதற்குக் கண் என்னத்துக்கு, கைக்குத் தெரியும், சூளையில் கைக்குத் தெரிந்த மாதிரி, இப்படியே, தெய்வமே, இப்படியே. எறிகிறான், டங் என்று ஒரு சத்தம், பந்து எங்கே என்று நான் தேடுவதற்குள் அது அவன் இடது காது ஓரமாகப் போய்விட்டது. வேடி அசையவில்லை. தலையைச் சாய்க்கவில்லை, கை தூக்கவில்லை, இமைக்கவில்லை, போன பிறகு எந்தப் பக்கம் போனது என்று சுற்றித் தேடினான். மைதானம் முழுக்க ஓ என்று எழுந்தது. "பயமே இல்ல பாருடா! செல மாதிரி நிக்கிறான்!" பின்னால் இருக்கிற பையன் தொண்டை கிழியக் கத்துகிறான், நாற்காலிக்காரர் ஒருவர் பக்கத்து ஆளின் தோளைத் தட்டிக் காட்டுகிறார், ஜெயசீலன் சார் நெஞ்சில் கை வைத்துச் சிரிக்கிறார். எல்லாரும் அவன் தைரியத்தைப் பார்த்தார்கள். அவன் பந்தைப் பார்க்கவில்லை. இவ்வளவு பேரில் அது எனக்கு மட்டும் தெரியும், எனக்கும் மடியில் இருக்கிற இவளுக்கும். அடுத்தவன் கட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறான், பெரிய உடம்பு, தோளை உருட்டுகிறான்.

சொன்னால் அவன் சட்டை போச்சு, வேலை போச்சு, என் முகத்தில் முழிக்கமாட்டான். சொன்னால் பாப்பா. சொல்லாவிட்டால் அவன் கண். ஒரு கை அளவு, காதிலிருந்து கண்ணுக்கு ஒரு கை அளவுகூட இல்லை. பாப்பாவுக்கு ஒன்றும் ஆகாது, சத்தியம் என்ன சத்தியம், வாய்ச் சொல், காற்று. காற்றுதான் என்றால் அந்தத் தாயார் ஏன் அந்தக் கையை அடித்தாள். பச்சைக் குழந்தை தலையில் வைத்துக் கேட்டானே, அவனுக்கு எப்படி மனசு வந்தது, அவன் தூக்கி வளர்க்கப்போகிற குழந்தை, மாமன் மடியில் காது குத்தப்போகிற குழந்தை, எப்படி வந்தது, அவ்வளவு பயம் அவனுக்கு. எனக்கும் அவ்வளவு பயம். நான் எழுந்துவிட்டேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டிருக்கிறேன், "எங்கக்கா, பாத்ரூமா?" என்கிறாள் ரெஜினா, நான் நடக்கிறேன், கோட்டு ஓரமாக, இத்தனை கண்ணும் என் மேல் இருக்கிறது, புடவை பின்னால் கசங்கியிருக்கும், இழுத்துவிடக் கை இல்லை, ஒரு கை பாப்பா முதுகில், ஒரு கை தலையில். ஆத்தா, அங்காளம்மா, வாயைத் திறக்கிறது நான், கேட்கிறதானால் என்னைக் கேள், என் வாயைக் கேள், இவளை விட்டுவிடு, இவளுக்கு ஒன்றும் தெரியாது, சிரித்தாள், அவ்வளவுதான். ஜெயசீலன் சார் திரும்பினார். "கோட்டுக்கு வெளிய நில்லும்மா, பந்து பட்டுரும் கொழந்தைக்கு." நான் நின்றேன். "இன்னாம்மா? யாரு நீங்க?" வேடி மேட்டில் கையைப் பின்னால் கொண்டுபோகிறான்.

"சார், நான் வேடி அக்கா. அவனுக்கு எடது கண்ணு தெரியாது சார்."

அவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், அப்புறம் எனக்கே காது அடைத்துப் போகிற மாதிரி விசில் ஊதினார். எல்லாம் நின்றது. அவர் நடந்து போனார், ஓடவில்லை. மேட்டில் வேடிக்கு வலது பக்கமாக நின்று என்னவோ பேசினார், வேடி இல்லை இல்லை என்று தலையாட்டினான். பேசிக்கொண்டே அவர் அவன் தோளுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் இடது முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார். வேடி அவரிடம் பேசிக்கொண்டே இருந்தான். கை இன்னும் கிட்டே போனது. அவன் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டே இருந்தான். என்னால் பார்க்க முடியவில்லை, பாப்பா கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது அவர் கையைக் கீழே விட்டிருந்தார், பந்தை வாங்கிக்கொண்டார், அவன் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்க்கப் பார்த்தார், அவன் உதறிவிட்டு நடந்தான். தொப்பிக்காரர்கள் குனிந்து தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். "இன்னா ஆச்சு, ஏன்டா ஆதார தூக்கிட்டாங்க" என்று யாரோ கேட்டான். வேறு பையன் மேட்டில் ஏறினான், ஆட்டம் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. "நாளைக்கே கண்ணாஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறம்மா" என்று சார் என்னைத் தாண்டிப் போகும்போது சொன்னார், முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

கொட்டகை ஓரத்தில் சிமெண்ட் பெஞ்சில் வேடி உட்கார்ந்திருக்கிறான், தனியாக, முழங்காலைப் பார்த்துக்கொண்டு. நான் போனேன். எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியவில்லை. வலது பக்கம் உட்கார்ந்தால் என்னைப் பார்ப்பான், எனக்கு அந்தத் தெம்பு இல்லை. இடது பக்கம் உட்கார்ந்தேன். பாப்பா திரும்பத் தூங்கிவிட்டாள், பால் குடிக்காமலேயே, என்றைக்கும் இப்படித் தூங்கமாட்டாள், என்னத்துக்கு இப்படித் தூங்குகிறாள், கூட்டம், வெயில், அலுப்பு, வேறு ஒன்றும் இல்லை. டங் என்று அங்கே யாரோ அடிக்கிறார்கள், ஓடுகிறார்கள். திட்டுவான் என்று காத்திருந்தேன். அடிக்கட்டும் என்றுகூட இருந்தேன். அவன் திரும்பவில்லை.

"அக்கா."

"இங்கதான்டா இருக்கன்."

"பாப்பா?"

"தூங்குறா."

"மூச்சு வருதா பாரு."

நான் அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். "வருதுடா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டான்.